பத்து கிலோவுக்குக் கீழே

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டின் பின்வாசலில்
எனக்கு ஒரு கழித்தல் கணக்குதான் வேலை.
சரக்கோடு ஏறும்போது
முப்பத்தொன்பதாயிரத்து இருநூற்று நாற்பது.
வெறுமனே
பதினோராயிரத்து எண்ணூற்று எழுபது.
மீதி கம்பி.
மீதிக்குத்தான் காசு.

வாய் டன் என்று சொல்லும்,
சீட்டு கிலோவில் எழுதும்.
நடுவே மூன்று பூஜ்யம்.
அந்த மூன்றை விட்டுவிட்டதால்
வேலை போனவன்தான்
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தான்.

ஒருநாள் காலி லாரி
முந்தின நாளைவிட ஐம்பது கிலோ கூடுதல்.
இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.
சீட்டுக்குப் பின்னால் சுருண்டிருந்த ஐம்பது கிலோ
கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டது:
"இன்னாக்கா, விடிஞ்சிருச்சா?"
கிளீனர் முனாப்பு.

தண்ணி லாரி ஒருமுறை
தகராறில் இங்கே வந்து ஏறியது.
ஏற்றியது ஒன்பதாயிரம் லிட்டர் என்று ரசீது.
லாரியைக் கழித்தேன்.
எட்டாயிரத்து அறுநூறு கிலோ.
லிட்டரும் கிலோவும் தண்ணீரில் ஒன்றுதான் என்று
பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்,
நம்பியது அன்றைக்குத்தான்.
மூடாத குழாய் வழியாக
எண்ணூர் நெடுஞ்சாலை குடித்தது நானூறு லிட்டர்.
குடத்துக்குப் பதினாலு என்றால் இருபத்தெட்டு குடம்.
எங்கள் சந்தில் வீடு இருபத்தாறு.

என் எடைமேடைக்கு ஒரு குணம்,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
நாலு கிலோ அதற்கு ஒன்றுமே இல்லை.
ஆறு என்றால் பத்து.

மார்ச் மாதத்திலிருந்து
லாரி வராத மத்தியானங்களில்
நானே ஏறி நின்றேன்.
செருப்போடுதான், தகடு சுடும்.
ஐம்பது என்றது சிவப்புப் பலகை.
ஏப்ரலில் ஐம்பது.
ஆஸ்பத்திரி அட்டையில்
ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு,
ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு என்று
மை ஏறிக்கொண்டே போக
இது மட்டும் ஐம்பது.
தண்ணிக் குடத்தை இடுப்பில் வைத்து ஏறினேன்,
உடனே பார்த்தது.
குடத்தை இறக்கினால்
மறுபடி நான் ஒருத்திதான்.

ஜூனில் ஒரு காலை திடீரென்று அறுபது.
ஒரே ராத்திரியில் பத்து கிலோ பிள்ளையா!
தனியாக நின்று சிரித்தேன்.
அடுத்த வாரம் எடையளவு ஆய்வாளர் வந்து
இருபது கிலோ கட்டிகளை அடுக்கிப் பார்த்து
"துல்லியமா இருக்கும்மா" என்று
முத்திரை குத்திவிட்டுப் போனார்.
அவர் சொன்னதும் சரிதான்.

மணலி சிக்னலில் காற்றுக்கு ஒரு பலகை உண்டு.
கன மீட்டருக்கு நூற்றுப் பன்னிரண்டு மைக்ரோகிராம்.
ஒரு கிராமைப் பத்து லட்சமாக உடைத்து
அதில் ஒரு துணுக்கு.
என் மேடை அசைய
ஆயிரம் கோடி துணுக்கு வேண்டும்.
ஷேர் ஆட்டோ நின்ற மூன்று நிமிஷமும்
முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தேன்.
எதையெல்லாம் சுமக்கிறோமோ
அதில் பாதி பத்து கிலோவுக்குக் கீழே.

ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரி.
நர்ஸ் ஜெசிந்தா துணியோடு தராசில் வைத்தாள்.
இரண்டாயிரத்து நானூற்று எழுபது என்று நின்றது.
"துணி நூத்திப் பத்து" என்றாள்.
வலியோடு வலியாக
நானே கழித்தேன்.
இரண்டு கிலோ முந்நூற்று அறுபது கிராம்.
மீதி அழுதது.

நாற்பத்தெட்டாம் நாள்
சம்பளப் பாக்கி வாங்கப் போனவள்
அவளை மார்போடு அணைத்துக்கொண்டு
தகட்டில் ஏறினேன்.
பின்னால் ஹாரன் அடித்தான் ஒருவன்.
பலகை யோசித்தது.
ஐம்பது.

போடா, உனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.